லிதியா மாடியில் படித்த இங்கிலீஷ்

போன வாரம் நீலக் காகிதத்தில் ஒரு கடிதம் வந்தது. ருஷ்ய தேசத்துத் தபால்தலை. தபால்காரர் அதை நீட்டும்போதே, "மாடியில இருந்தாங்களே, அந்தம்மாவா?" என்று கேட்டார். நம் தெருவில் அவளை மறந்தவர் யாரும் இல்லை.

என் பேத்தி பிரித்துப் படித்தாள். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள். நிற்காமல் படித்து, படித்தபடியே தமிழில் சொன்னாள். லிதியா இறந்துவிட்டாள். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அவள் தங்கை யாரையோ வைத்து இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

"கடைசி இரண்டு நாள் அக்கா எங்கள் பாஷையில் பேசவில்லை. இங்கிலீஷில் பேசினாள். நடுநடுவே வயசான ஆம்பிளை மாதிரி இருமினாள். அப்புறம் யாரையோ கூப்பிட்டாள். அந்தச் சொல் இங்கிலீஷும் இல்லை. காதில் விழுந்தபடி கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?"

பேத்தி எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "இந்தாமே."

அவளுக்கு அது தெரியவில்லை. தாத்தா போனபோது அவளுக்கு ஏழு வயசு. என் வீட்டுக்காரர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

லிதியாவைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று நம் தெருச் சங்கத்தார் கேட்டார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். ஆனால் அந்த அஞ்சையும் ஒழுங்காகப் படித்தவள். அதனால் எழுதுகிறேன். அவள் எனக்கு மகள் வயசு. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

பழைய புடவைக் கரைகளை வரைந்துகொண்டு போகத்தான் அவள் காஞ்சிபுரம் வந்தாள். எங்கள் மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். இங்கிலீஷ் புத்தகம் நன்றாகப் படிப்பாள். ஆனால் வாய் திறந்தால் வம்பு. பால்காரரிடம் "பால் இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்பாள். கடைசியில் குரல் ஏறாமல் அந்தக் கேள்வி கல்லைப் போட்டது போல் கீழே விழும். பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்னாமா, அந்தம்மா காலங்காத்தால என்னை எதுக்குத் திட்டுது?"

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பட்டுக்கடையில் இங்கிலீஷ் குமாஸ்தாவாக இருந்தவர். வெளிநாட்டுக் கடிதங்கள் எல்லாம் அவர் கையால்தான் போகும். வேலையை விட்டு வீட்டில் இருந்த நேரம் அது. அவரே மாடியேறிப் போய், "தினம் பத்து மணிக்கு உட்காரலாம். நான் பேசக் கத்துத் தர்றேன்" என்றார். அவள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

நான் காய் நறுக்கும் சாக்கில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். இங்கிலீஷில் பேசியதை எல்லாம் ராத்திரி அவரே எனக்குத் தமிழில் சொல்வார். அவர் பட்டுக்கடைக்காரர் ஆயிற்றே, பாடத்தையும் புடவையாக்கிவிட்டார். அரக்கு நிறப் புடவை உடலுக்கு எந்தக் கரை சேரும், எது சேராது என்று நமக்குச் சட்டம் இருக்கிறது அல்லவா? இங்கிலீஷிலும் அப்படித்தான் என்பார். ஒரு நாள் அவள் "ஸ்ட்ராங் ரெயின்" என்றாள். அவர்கள் ஊரில் மழைக்கு அப்படிச் சொல்வார்களாம். "ஆகாதும்மா. மழைக்கு 'ஹெவி'தான் கரை. 'ஸ்ட்ராங்' காபிக்குப் போகும். மழைக்கு அதைப் போட்டா, கட்டிக்கினு வெளிய போக முடியாது" என்றார். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் தனிச் சொல் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாம் ஜோடிதான். எந்தச் சொல்லை எந்தச் சொல் கூப்பிடும் என்று பார்த்துப் பார்த்து எழுதினாள்.

அதற்கடுத்து உச்சரிப்பு. "நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒண்ணையும் உடாதே" என்று அவர் சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று.

கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் இழையாக எண்ணிக் கரை வரைகிறவள் அவள். அவர் குரலையும் அப்படியே வரைந்தாள். குரல் ஏறினால் கட்டம் மேலே ஏறும், இறங்கினால் கீழே. முக்கியமான சொல் வருமுன் அவர் இரண்டு தரம் இருமுவார். மூக்குப்பொடிப் பழக்கம். அந்த இருமலுக்குக் கறுப்பாக இரண்டு கட்டம். நாக்கை அவர் "ப்ச்" என்று தட்டுவதற்கு ஒரு புள்ளி. எது இங்கிலீஷ், எது என் வீட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியாது. நாம் சிரிக்க முடியாது. பழைய புடவையில் எலி கடித்த இடத்தையும் புட்டாப் பூ என்று வரைந்து, நெய்து, விற்றவர்கள் நம் தெருவிலேயே உண்டு. பேர் சொல்லவில்லை.

ஆறு மாசத்தில் அவள் கடகடவென்று பேசினாள். இருமலோடு. எதிர்வீட்டுக் கண்ணம்மா வாசலில் நின்று கேலி செய்வாள். "இன்னாக்கா, அவருக்குச் சளி புடிச்சா அந்தம்மாவுக்கும் புடிக்குது?" எனக்கே பொறுக்காமல் அவரிடம் சொன்னேன். "இருக்கட்டுமே. நடை வந்த பிறகு நொண்டலை எடுத்துக்கலாம்" என்றார். அவளிடமும் சொன்னேன். அப்போது அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. "ஒரு இழை விட்டால் கரை பொய் சொல்லும், அம்மா" என்றாள்.

நொண்டலை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, காபித் தம்ளரைக் கீழே வைத்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள். மத்தியானம். தெருவில் தறிகள் எல்லாம் சாப்பாட்டுக்கு நின்றிருந்தன. கூடத்தில் கொழுந்தனாருக்கு இலை போட்டு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடியில் அவர் பேசினார். இரண்டு இருமல். "குட் மார்னிங். ஹவ் டிட் யூ ஸ்லீப்?" அப்புறம் லிதியாவின் பதில். மறுபடி அவர்.

கொழுந்தனார் கையை உதறிவிட்டு எழுந்தார். "அண்ணி, நான் போயிட்டு வர்றேன்" என்றார். ஈரக்கையோடு சைக்கிளை எடுத்தவர்தான். திவசத்துக்குக்கூட எங்கள் வீட்டில் உட்கார மாட்டேன் என்று கோயில் மண்டபத்தில் வைத்துக் கொடுத்தார்.

அவள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை. பாடத்தைத் தனியாகப் படித்தாள். எதிரில் ஆள் இல்லாததால் மாஸ்டர் பங்கையும் அவளே சொன்னாள். பெண் குரல்தான், கனம் இல்லை. ஆனால் ஏற்றம், இறக்கம், நிறுத்தம், இருமல், ப்ச் எல்லாம் அவர். கண்ணை மூடினால் ஆள் நின்றார்.

நிறுத்தச் சொல்லத்தான் மாடிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் பயந்துவிட்டாள். "அம்மா, நான் நிறுத்து?" என்றாள். நான் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேசு என்று கையால் காட்டினேன்.

அன்றிலிருந்து தினம் போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்த பாடங்கள்தான். குடையைப் பற்றிக் கேட்பார், டாக்டரிடம் போக வழி சொல்வார், தலைவலி எப்படி இருக்கிறது என்பார். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கண்ணம்மா தெரு முழுக்கச் சொன்னாள். "வாடகைக்கு உட்டது ஒருத்திக்கு. குடியிருக்கறது ரெண்டு பேர்." பக்கத்து ஓரிக்கையிலிருந்து ஒரு மந்திரக்காரனைக்கூட அழைத்து வந்தாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். என் வீட்டில் இருக்கிற என் புருஷனை விரட்ட அவன் யார்?

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். நான் அடுப்படியில் இருந்தேன். மாடிப்படியிலிருந்து, "இந்தாமே, விளக்கு வெச்சிட்டியா?"

"வெச்சாச்சுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

படியில் லிதியா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவர் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது இல்லை. என்னைக் கூப்பிடுவதை மேலேயிருந்து கேட்டிருப்பாள், அவ்வளவுதான். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது வேறு. "நான் சொல்லவில்லை, அம்மா. வாய் சொல்லியது."

அடுத்த மாசம் அவள் மெட்ராஸ் போய் வந்தாள். திரும்பியவள் சாப்பிடவில்லை. மெதுவாக விசாரித்தேன். கரைகளைப் பற்றி வெளிநாட்டாருக்கு இங்கிலீஷில் பேசிக் காட்டினால் இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருக்க சர்க்கார் ஆபீஸில் அனுமதி தருவார்களாம். இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். சொல் எல்லாம் சரி, ஜோடி எல்லாம் சரி. ஆனால் அறை முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். ஒரு அதிகாரி, "கிழவர் எங்கே ஒளிந்திருக்கிறார்?" என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாராம். ஒரு மாசத்தில் பேச்சைத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் கரை வேலை பாதிகூட முடியவில்லை. அவளுக்கு இங்கே இருந்தே ஆக வேண்டும். அவர் பாடத்துக்காக மாடியில் வைத்திருந்த ரேடியோ அங்கேதான் இருந்தது. தினம் இங்கிலீஷ் செய்தி கேட்டு, அதில் பேசுகிறவர் மாதிரி மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்றாள். மூன்று நாள் கேட்டாள். நாலாம் நாள் நான் பாயில் உட்கார்ந்தபோது ஒரு வாக்கியம் இருமல் இல்லாமல் வந்தது. யாரோ சொன்னது போல் இருந்தது. அந்த இடத்தில் அவர் இல்லை.

இதை நம் தெருவுக்குச் சொல்லாமல் அவளைப் புகழ்ந்து எழுதினால் அது எழுத்தாகாது. மறுநாள் அவள் தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது ரேடியோவைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தேன். வந்து கேட்டவளிடம், "வால்வு போயிடுச்சும்மா. ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றேன். ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்தேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ரிப்பேர் ஆயிற்றா என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நான் தினம் மாடிக்குப் போனேன். இருமல் திரும்பி வந்தது. அவர் வந்தார். அந்த மாசம் முழுக்க எனக்கு நல்ல தூக்கம்.

அவள் மெட்ராஸ் போனாள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும் காலை, பெட்டி வாசலில், ஜட்கா தெருமுனையில் நின்றது. எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. "ரேடியோ நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "ஒரு மத்தியானம் கீழே பாட்டு கேட்டது. உடனே நின்றது."

உண்மைதான். பேத்தி கண்டுபிடித்து, ப்ளக்கைச் சொருகித் திருகிவிட்டாள். நான் ஓடிப்போய் ரேடியோவை நிறுத்தினேன்.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல? உன் வேலை போச்சே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். சொல் தேடினாள். "நீங்கள் தினமும் மேலே வந்தீர்கள்" என்றாள். மேற்கொண்டு தமிழ் கிடைக்கவில்லை. இங்கிலீஷில் ஆரம்பித்தாள், இருமல் வந்தது, நிறுத்திவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் பேசத் தொடங்கினாள்.

இரண்டு வருஷம் என் வீட்டில் இருந்தவள். அவள் பாஷையை அன்றுதான் முதல் தரம் கேட்டேன். அவளோடு அதைப் பேச இங்கே யார் இருந்தார்கள்? வேகமாகப் பேசினாள். மெல்லிய குரல், அவள் வயசுக்கும் சின்னது. எங்கோ நடுவில் சிரித்தாள். கேள்வி ஒன்று கேட்டாள் போலிருக்கிறது, அது கீழே விழுந்தது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அதில் என் வீட்டுக்காரர் எங்குமே இல்லை. அப்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாடிப்படியில் "இந்தாமே" கேட்ட அன்றுகூட அப்படி நடுங்கவில்லை. இத்தனை நாளும் அந்த அறையில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். நான் பாய் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் அவளைக் கேட்கவில்லை.

கடைசி இரண்டு நாளும் அவள் தன் பாஷையில் பேசவில்லை என்று தங்கை எழுதியிருக்கிறார். கூடப் பிறந்தவருக்குக் கிடைக்காமல் போனது என்னிடம் இருக்கிறது. என் வீட்டுக்காரரை நான் முப்பத்தெட்டு வருஷம் கேட்டவள். அது போதும் எனக்கு. லிதியாவை ஒரு தரம்தான் கேட்டேன், வாசலில் நின்று, ஜட்காக்காரர் மணியடிக்கும்வரை. அந்தப் பேச்சின் அர்த்தம் தெரியாது. ஏற்றமும் இறக்கமும் நிறுத்திய இடமும் சிரித்த இடமும் அப்படியே இருக்கின்றன. தங்கை எப்போதாவது இந்த ஊருக்கு வந்தால் நான் அதைச் சொல்லிக் காட்டுவேன். ஒன்றையும் விடமாட்டேன்.