குக்கர் முறைப்பாடு

எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கழுவிக் கவிழ்த்து வைத்த என் பிரஷர் குக்கரைக் காணவில்லை. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து பார்த்தால் சட்டி இருக்கிறது, அகப்பை இருக்கிறது, குக்கர் மட்டும் போய்விட்டது. கொழும்பில் வேலை செய்யும் மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. லயத்து வீடுகளில் எல்லோரும் விட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பொலிஸுக்குப் போனேன்.

முறைப்பாடு எழுதும் சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் மரக்கறி வாங்கத்தான் போதும். இரண்டு பேரும் விழித்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் ஐயாவுக்குச் சொல்றேன்."

"நீங்க இங்க வேலைங்களா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கெழமயானா கையெழுத்துப் போட வருவேன்."

பொலிஸில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் பெரிய ஆள்தான் என்று நினைத்தேன். பிணையில் வந்தவர்கள் போடும் கையெழுத்து அது என்று யார் கண்டது!

நான் ஒரு வரி சொன்னால் அவர் மூன்று வரி சொன்னார். எழுதி முடித்ததை சார்ஜன் உரக்க வாசித்தார். நடுவில் "கம்பி" என்று வந்தது. கம்பிக்குச் சிங்களத்திலும் கம்பிதான். உடைந்த கைப்பிடியை நான் கம்பியால் கட்டியிருந்தேன். ஆனால் வெட்கப்பட்டு அதைச் சொல்லவே இல்லை.

"அண்ணே, கம்பி கட்டுனது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவர் முகம் வெளுத்தது. தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, கம்பியைப் பற்றி நான் பேசவே இல்லை என்று சார்ஜனிடம் சொன்னேன். சார்ஜன் பேனாவை மூடினார். அன்றைக்கே அந்தக் கையெழுத்துக்காரர் வீட்டு அடுப்பில், வெந்த பருப்போடு குக்கர் கிடைத்தது.

நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்னபோது, மொழிபெயர்ப்பாளர் பீலிக்கரையை ஆற்றங்கரையாக்கிவிட்டார். கூண்டில் நின்றபடியே கையெழுத்துக்காரர் அதைத் திருத்தினார். நீதவான் ஐயா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். பிறகு கையெழுத்துக்காரர் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத் தண்டனையை ஒத்திவைத்து, எச்சரித்து அனுப்பினார்கள்.

குக்கரைத் திரும்ப வாங்க சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டுமாம். வெறும் தாளோடு நீதிமன்ற விறாந்தையில் நின்றேன். அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"குடுங்கக்கா, எழுதித் தாறேன்."

கோபம் பொங்கியது. ஆனால் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"நான் சொல்றத மட்டும் எழுதுங்க," என்று தாளை நீட்டினேன்.

எழுதினார். கடிதத்தை வாங்கிய நீதிமன்றக் கிளாக்கர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. குக்கரோடு நான் ஏறிய பஸ்ஸில் அவரும் ஏறினார். எனக்கு ஜன்னலோரமாக இடம் பிடித்துத் தந்துவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.