சின்ன டீச்சர் பேசிய கூட்டம்

மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அவர் வந்து உட்கார்ந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. திண்டுக்கல்லில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் வரலாற்றுக்கு இரண்டு பேர். அவர் பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். இத்தனைக்கும் எங்களுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். பிள்ளைகள் அவர் வகுப்புக்கு ஓடுவார்கள். என் வகுப்புக்கு மணி அடித்தால் வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எந்த மேடை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ஒன்றுக்காவது என்னைக் கூப்பிட்டார்களே என்று பூரித்துப்போயிருந்தேன். இங்கேயும் வந்துவிட்டார் மகராசி!

தங்கள் வம்சாவளியைத் தேடித் தொகுப்பவர்களின் கூட்டம் அது. மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவுகளைத் துருவும் வாத்தியார்களும், குலதெய்வத்துக்கு ஒன்றாக வரி கொடுக்கும் வடமதுரைப் பங்காளிகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்த கதையைச் சொன்னேன். முதலில் சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பின் எல்லாருக்கும் வந்தபோது, வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்னதால் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அவர்களுடைய வம்ச வரைபடங்களைக் காட்டினேன். அத்தனையும் ஆண் பெயர்கள்.

"உங்க அப்பாவோட அப்பத்தா பேரு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஆம்பள வழிதானம்மா கணக்கு" என்றார் முன்வரிசைப் பெரியவர். சொன்னவரே செத்த நேரத்தில் போனை எடுத்து, "ஏத்தா, நம்ம அய்யாவோட அப்பத்தா பேரு என்ன?" என்று தங்கையைக் கேட்டார். அவ்வளவுதான், அரங்கமே வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டது. கடைசி வரிசையைப் பார்த்தேன். பெரிய டீச்சரும் யாரையோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்?

நன்றி சொல்ல எழுந்த செயலாளர் எனக்குச் சால்வை போர்த்தினார். "நம்ம பெரிய டீச்சரோட கூட வேலை பாத்த டீச்சர், அம்புட்டு அருமையாப் பேசுனாங்க. அவுகளுக்கு நன்றி."

ஒருவருக்கும் உறைக்கவில்லை. அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் சால்வையோடு நின்றேன்.

"ஏன் தம்பி, இம்புட்டு நேரம் அவுக தொண்டைத்தண்ணி வத்தப் பேசுனது எதுக்கு? அவுகளுக்குன்னு ஒரு பேரு இல்லையா?"

பின்னாலிருந்து எழுந்து நின்று என் பெயரை முழுதாக, உரக்கச் சொன்னார் அவர். அரங்கம் அதிரக் கை தட்டினார்கள். எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியிருந்தது.