ஃபிலோமினா போன ஊர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத் தோழி சரோஜா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திருவானைக்காவலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லையாம். "ஃபிலோ போயிட்டாங்க, ரங்கா" என்றாள். எனக்கு உறைக்கவே இல்லை. "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டேன். சரோஜா படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

நாற்பத்தொன்பது வயது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. நாங்கள் மேலப்புதூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அண்ணன் வீட்டார் வந்திருந்தார்கள். மாலையில் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "பாவம், புருஷன் இல்ல, புள்ள இல்ல. வாழாமலேயே போயிட்டா."

நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியதை நம் ஊழியர் சங்க இதழில் எழுதுகிறேன். ஃபிலோமினாவை அறிந்த உங்களில் சிலரும் அன்று அந்தப் பெண்மணிக்குத் தலையாட்டினீர்கள். தயவுசெய்து அந்தப் 'பாவ'த்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது பொருந்தாது.

என் கணவர் விபத்தில் இறந்து எட்டு மாதம் கழித்து, கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்தொரு வயது. கண்டோன்மெண்டில் இருந்த நம் பழைய அலுவலகத்தில் ஃபிலோமினாவின் மேசைக்கு எதிர் மேசை எனக்கு. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். முதல் நாள் எல்லோரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவர் மட்டும் சாதாரணமாகக் கேட்டார், "எங்கேர்ந்து வர்றீங்க?"

"ஸ்ரீரங்கம்."

"அட, தீவுலேர்ந்தா?"

எனக்கு விளங்கவில்லை. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஸ்ரீரங்கத்திலேயே. பாலத்தைத் தாண்டினால் திருச்சி என்பது தெரியும். அதை ஒரு தீவு என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அடுத்த இரண்டாவது சனிக்கிழமை என்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி முக்கொம்புக்கு அழைத்துப் போனார். அணைக்கு அந்தப் பக்கம் ஒரே ஆறாக வரும் தண்ணீர், இந்தப் பக்கம் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிந்து போவதைக் காட்டினார். நடுவில் ஒரு மண்முனை. அதில் கொஞ்சம் நாணல். "இங்கதான் உங்க ஊரு ஆரம்பிக்குது" என்றார். நான் அந்த நாணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் குளித்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வர ஆறரை மணி ஆகிவிட்டது. அப்போது நான் என் கணவரின் தம்பி வீட்டில் இருந்தேன். "ஆபீஸ் லீவாச்சே, எங்க போயிட்டு வரேள் மன்னி?" என்றார். முக்கொம்பு என்றேன். "யாரோட?" என்றார். சொன்னேன். "நம்மாத்துக்கு இதெல்லாம் வழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் சொல்லும் வழக்கத்துக்குள் நான் எஞ்சிய முப்பது, நாற்பது வருடங்களையும் கழிக்க வேண்டியிருந்தது.

ஃபிலோமினாவுக்குக் கோயில், தேவாலயம், மசூதி என்ற பேதம் கிடையாது. பாறை என்றால் போக வேண்டும். பழைய ஊர் என்றால் போக வேண்டும். தண்ணீர் சூழ்ந்த மண் என்றால் கட்டாயம் போக வேண்டும். நார்த்தாமலைப் பாறையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார். சித்தன்னவாசல் குகை ஓவியத்தில் ஒரே ஒரு தாமரையை அரை மணி நேரம் நின்று பார்ப்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "கேட்டு வந்தவங்க யாரும் ஊர் சுத்துற ஆளா இல்ல" என்பார். அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்போம். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருடம் ராமேஸ்வரம் போக நாங்கள் இருவரும் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். அன்றைய கண்காணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பொம்பளைங்க தனியாவா போறீங்க?"

"ரெண்டு பேர் எப்படி சார் தனி?" என்றார் ஃபிலோமினா.

"அதெல்லாம் சரிப்படாதும்மா. ஆபீஸுக்குக் கெட்ட பேரு."

"அப்ப அந்தக் காரணத்தையே எழுதி, இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். ஃபைல்ல இருக்கட்டும்."

விடுப்பு கிடைத்தது.

ராமேஸ்வரத்தில் காலையில் ரயிலைவிட்டு இறங்கி ஒரு லாட்ஜுக்குப் போனோம். மேனேஜர் என் பாழ் நெற்றியைப் பார்த்தார், ஃபிலோமினாவின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "ஆம்பளைத் துணை இல்லாம வர்றவங்களுக்கு ரூம் குடுக்கிறதில்லைங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிவிடலாம் என்று அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. "இதையும் எழுத்துல குடுங்க, போயிடறோம்" என்றார். மேனேஜர் எழுதித் தர மறுத்தார். நாங்கள் வரவேற்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். வந்த யாத்ரீகர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போனார்கள். பத்து மணிக்கு ஃபிலோமினா புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார். ஒரு குடும்பத்துப் பெண்கள் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். அவர் உரத்த குரலில் சொன்னார். அவர்கள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினொன்றரைக்குச் சாவி வந்தது.

மறுநாள் தனுஷ்கோடி. பஸ் போகும் மட்டும் போய், பிறகு மீன்கூடை சுமந்த பெண்களோடு மணலில் நடந்தோம். புயல் கொண்டுபோன ஊர். ரயில் நிலையச் சுவர்கள் மட்டும் நின்றன. கூரையில்லாத மாதா கோயில் ஒன்று. உள்ளே மணல் முழங்கால் அளவு. அங்கே வெறும் மணலில் குழி தோண்டி ஒரு பெண் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் கொடுத்தாள். இரண்டு பக்கமும் கடல் இருக்க, அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை. "ஊரே போனப்புறம் எதுக்கு இங்க இருக்கீங்க?" என்று ஃபிலோமினா கேட்டார்.

"இருக்கக் கூடாதுன்னு சர்க்காரு சொல்லிருச்சு. அதான் இருக்கோம்" என்றாள் அவள்.

ஃபிலோமினா சிரித்த சிரிப்பு கடல் சத்தத்துக்கு மேலே கேட்டது. பிறகு அந்த மாதா கோயிலுக்குள் போய் மண்டியிட்டார். நான் சுவர் ஓரம் நின்றேன். கணவர் இறந்தபோது, சுற்றி ஆயிரம் கண்கள் பார்க்க, எனக்கு அழுகை சரியாக வரவே இல்லை. அங்கே வந்தது. ஃபிலோமினா எழுந்து வந்தார். நான் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் ஸ்ரீரங்கத்து விதவையும்' என்று தொடங்கி, நாங்கள் எதற்காக வெளியூர் போகிறோம் என்று ஒருவர் ஒன்றரைப் பக்கம் கற்பனை செய்திருந்தார். கண்காணிப்பாளர் ஃபிலோமினாவை அழைத்துக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் பகுதிக்கு நடந்து வந்தார். இருபது பேர் உட்கார்ந்திருந்த அறையின் நடுவில் நின்று, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். நான் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். படித்து முடித்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "ஒழுக்கத்துக்கு 'ளு' போட்டிருக்காரு. ஒழுக்கத்தை எழுதவே தெரியாதவரு நம்ம ஒழுக்கத்தைப் பத்தி எழுதுறாரு" என்று சொல்லித் திருத்தினார். யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

அதோடு விடவில்லை. கடிதத்தை நோட்டீஸ் போர்டில் குத்தி, அதன் கீழே ஒரு தாள் வைத்தார். 'பொங்கல் விடுமுறையில் ஹம்பி. வர விரும்பும் பெண்கள் கையெழுத்திடவும்.'

மத்தியானம்வரை அந்தத் தாள் வெறுமையாக இருந்தது. எல்லோரும் தூரத்தில் நின்று படித்துவிட்டுப் போனார்கள். நான் ராஜினாமா எழுத ஒரு தாளை எடுத்து வைத்திருந்தேன். அதில் 'ஐயா' என்று எழுதியதோடு சரி. அதற்கு மேல் என்ன எழுதுவது? யாரோ ஒருவர் பெயர் போடாமல் எழுதியதற்காக நான் பெயர் போட்டு வேலையை விடுவதா? எழுந்து போய் நோட்டீஸ் போர்டில் முதல் கையெழுத்தைப் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. இரண்டாவதாக லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வந்துகொண்டிருந்த சரோஜா போட்டாள். மாலைக்குள் ஏழு பேர்.

அன்று வீட்டில் மைத்துனருக்கு விஷயம் முன்னமேயே போய்விட்டது. "ஊர் என்ன சொல்லும், மன்னி?" என்றார். "ஊர் சொன்னது ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல இருக்கு. நாளைக்கு வந்து படிச்சுக்கோ" என்றேன். அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அடுத்த மாதம் உத்தர வீதியில் தனியாக ஒரு போர்ஷன் பார்த்துக் குடிபோனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஃபிலோமினா விலை கொடுத்தார். அலுவலகக் கடிதத்தைப் பகிரங்கப்படுத்தியதாக அவருக்கு மெமோ வந்தது. மூன்றே வாரத்தில் தர்மபுரிக்கு மாற்றினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு கிடைத்தது. அவருக்கு வருடக்கணக்கில் கிடைக்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. அழைக்காமலே தேவாலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெண்ணை ஆசீர்வதித்துவிட்டு, விருந்துக்கு முன் வெளியே வந்தார். அன்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கலங்கவே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

தர்மபுரியிலிருந்து எனக்கு வந்த முதல் கார்டில் இரண்டே வரிகள். 'தண்டனை என்று அனுப்பியிருக்கிறார்கள். இங்கிருந்து ஒகேனக்கல் பக்கம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.'

பொங்கலுக்கு அவர் பெங்களூர் ரயில் நிலையத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டார். கையெழுத்திட்ட ஏழு பேரில் ஐந்து பேர் வந்திருந்தோம். ஹம்பியில் யாரோ கொட்டிக் கவிழ்த்த மாதிரி திசையெல்லாம் பாறைகள். நடுவில் ஓர் ஊர் இருந்து அழிந்த தடம். ஒரு பாறை நிழலில் உட்கார்ந்த சரோஜா அப்படியே தூங்கிப்போனாள். நேரமாகிறதே என்று நான் எழுப்பப் போனேன். "எழுப்பாதே" என்றார் ஃபிலோமினா. "கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல பகல்ல தூங்கினதே இல்லையாம். ரயில்ல சொன்னா." பார்க்க வேண்டிய இரண்டு மண்டபங்களை அன்று நாங்கள் பார்க்கவில்லை. அவளைத் தவிர மற்ற ஐந்து பேரும் அந்தப் பாறையில் ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கோடையில் நான் ஒகேனக்கல் போனேன். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்க, நடுவில் பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. நான் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஃபிலோமினாவுக்கும் நீச்சல் தெரியாது. "உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முந்தி வயித்தைக் கலக்கும். ராமேஸ்வரத்துல அந்த பெஞ்சுல உக்காந்திருந்தப்பகூட எனக்குக் கால் நடுங்குச்சு, நீ பாக்கல" என்றார். அத்தனை வருடங்களில் அவர் சொன்னவற்றில் எனக்கு அதிகம் தெம்பு தந்தது அந்தப் பதில்தான். பயமில்லாதவராக இருந்திருந்தால் அவர் வேறு பிறவி என்று விட்டிருப்பேன். அவரும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்றால் என்னாலும் முடியும்.

எண்பதுகளில் திருச்சிக்குத் திரும்பி வந்தார். அதன் பிறகு வருடம் ஒரு பயணமாவது தவறவில்லை. நம் அலுவலகத்திலும் பக்கத்து அலுவலகங்களிலும் எத்தனையோ பெண்கள் அவரோடு முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள், மலை ஏறினார்கள். அவர்களைக் கேளுங்கள், அவர் வாழ்ந்தாரா இல்லையா என்று.

அடுத்த பயணத்தையும் அவரே முடிவுசெய்து வைத்திருந்தார். பாதாமி, செம்பாறைகளுக்கு நடுவில் ஓர் ஏரியும் குகைகளும் இருக்கும் ஊராம். "துக்கம் நடந்து ரெண்டு மாசம்கூட ஆகல, இப்பப் போய் டூரா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இப்போதுதான். பாலக்கரையிலிருந்து வரும் நம் புதிய டைப்பிஸ்ட் நூர்ஜஹானும் வருகிறாள். வீட்டில் ஒரு வாரம் வாதாடி ஜெயித்துவிட்டு வந்து சொன்னாள்.

அவருடைய பையையும் குடையையும் அண்ணன் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளட்டும். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது வேறு. முப்பத்தொரு வயதுவரை, வாசல் தாண்டும் ஒவ்வொரு தடவையும் யார் முகத்தையாவது பார்த்து "போகலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது கேட்பதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை ரயில். போயிட்டு வரேன், ஃபிலோ.