கூப்பிடாத கடைக்காரர்

2006-இல் ஊருக்குப் போகாமல், சேர்த்துவைத்த லீவில் துபாயிலிருந்து இத்தாலி டூர் போனோம். ஃப்ளோரன்ஸில் ஒரு சின்னப் பட்டறை. வண்ணக் கற்களை அறுத்து ஒட்டியே படம் செய்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். முடித்து வைத்திருந்த ஒரு படத்தில் பிளந்த மாதுளை, அதன் முத்துகள் எல்லாமே கல். ஒரு சொட்டு பெயின்ட் இல்லை. அசந்துபோய் அதைக் கையில் எடுத்தேன்.

விலையைக் கேட்டதும் என் கணவர், பேரம் பேசியே வாங்கும் துபாய் தேரா கடைவீதி நினைப்பில், "ஹாஃப் பிரைஸ்!" என்றார். பெரியவர் தலையாட்டி மறுத்தார்.

"வா, நடப்போம். பின்னாடியே கூப்பிடுவான் பாரு."

படத்தை வைத்துவிட்டு நானும் நடந்தேன். தெருமுனை வரை யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் அடுத்த கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பப் போய் வாங்கலாங்க."

"இப்பப் போனா நம்ம மரியாதை என்னாகும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் உழைத்தவரிடம் பாதி விலை கேட்டபோது போகாத மரியாதை, திரும்பிப் போனால் போய்விடுமா? அதற்குள் டூர் பஸ் ஹாரன் அடித்தது.

இன்றும் தேராவில் என் கணவர் பாதி விலை சொல்லிவிட்டுக் கடையை விட்டு நடப்பார். நான் கூடவே நடப்பதில்லை. கடைக்குள்ளேயே நிற்கிறேன்.