கன்னடத்தில் ஒரு புகார், தமிழில் ஒரு கையெழுத்து

பெங்களூரில் வீட்டு நாய்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் புரிகிறது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனைப் பூங்காவுக்குக் காலையில் வந்து பார்த்தால் தெரியும். கணவரைத் தமிழில் கடிந்துகொண்டும் பூக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டும் வருகிற பெண்மணி, நாயிடம் திரும்பியதும் "கம் பேபி, சிட் பேபி" என்கிறார். அந்த பேபி நடைபாதை நடுவில் குந்தித் தன் வேலையை முடிக்கும்போது மட்டும் எந்த மொழியும் வாயில் வருவதில்லை. அவசர அவசரமாகக் கைபேசியைப் பார்க்கிறார்கள். முடிந்ததும் நடையைக் கட்டுகிறார்கள். பின்னால் வருகிறவர் தாண்டிப் போக வேண்டியதுதான்.

அப்படித் தாண்ட முடியாதவர் என் கணவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் அரைமணி நேரம் சமதரையில் நடந்தால்தான் அந்தக் கால் மீளும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் நடைபாதை முழுக்க ஸ்கூட்டர்கள். சமதரைக்குப் பூங்காவை விட்டால் வேறு கதியில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். குடியாத்தத்தில் எங்கள் தெரு நாய்களும் சாதுவானவை அல்ல. என் தம்பியையே ஒன்று கடித்திருக்கிறது. ஆனால் அன்று அம்மா நடுத்தெருவில் நின்று போட்ட கூச்சலில், அதற்குச் சோறு வைத்த மூன்று வீட்டாரும் வெளியே வந்து தலைகுனிந்து நின்றார்கள். அங்கே புகார் என்றால் அவ்வளவுதான், தொண்டை இருந்தால் போதும். இங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். காய்கறிக்காரரிடம் சண்டை போடும் அளவுக்குக் கன்னடம் பேசுவேன். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. பேச்சு வந்துவிட்டதே, எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன். என்னைப் போல இங்கே பல பேர் உண்டு.

அதனால் எனக்குக் கன்னடத்தில் எது எழுத வேண்டியிருந்தாலும் பக்கத்துத் தெரு விமலாதான் எழுதிக் கொடுப்பாள். மூன்று தலைமுறையாக லிங்கராஜபுரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. பள்ளியில் கன்னடம் படித்தவள். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், அவருக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள். என் சொந்தத் தங்கை அதைச் செய்யவில்லை.

விமலா வீட்டு லாப்ரடார் புரூனோ. பூங்கா வாசலிலேயே சங்கிலியைக் கழற்றிவிடுவாள். "கட்டிப்போட்டா அவனுக்கு மூட் அவுட் ஆயிடும் அக்கா. ஒண்ணும் பண்ண மாட்டான், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பாள். கொஞ்சம்தானே என்று நானும் அட்ஜஸ்ட் செய்துகொண்டேன். ஒருநாள் புரூனோ பாசத்தோடு ஓடிவந்து இவர் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தது. "போடா, போடா" என்று கத்தினேன். அதற்குத் தமிழ் தெரிந்தால்தானே. இவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மறுநாள் செருப்பை எடுத்து வைத்தபோது, "வேணாம்மா. எனக்குப் பயமா இருக்கு" என்றார். நாற்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே அன்றுதான்.

பூங்காக் கமிட்டிக்கு மனு கொடுக்க முடிவு செய்தேன். எழுதச் சொல்லி யாரிடம் போனேன் என்று நினைக்கிறீர்கள்? விமலாவிடமேதான். அவள் மனம் நோகக் கூடாதென்று புரூனோவின் பெயரைச் சொல்லவில்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டு நாய்களைச் சங்கிலியோடுதான் கொண்டுவர வேண்டும், அசிங்கம் செய்தால் அவரவர் அள்ள வேண்டும், இவ்வளவுதான் சொன்னேன். "கரெக்ட் அக்கா, எழுதிடறேன்" என்று என் எதிரிலேயே ஒரு பக்கம் எழுதினாள். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் பூங்காவில் கன்னடத்தில் போர்டு வைத்துவிட்டார்கள். சந்தோஷமாகப் போய் நின்றேன். பூங்காவைப் பெருக்கும் வெங்கடம்மா துடைப்பத்தோடு என் முன்னால் வந்தாள்.

"நாயி நிமகே ஏன் மாடித்தம்மா?" என்றாள். நாய் உங்களை என்ன செய்தது என்கிறாள்.

எனக்கு விளங்கவில்லை. கமிட்டிச் செயலாளரிடம் ஓடினேன். அவர் கோப்பைத் திறந்து என் மனுவை நிதானமாக வாசித்துக் காட்டினார். கன்னடம் காதில் விழுந்தால் எனக்கு ஒரு சொல் தப்பாது. தெருநாய்கள் பூங்காவுக்குள் திரிவதால் நோயாளிகள் நடக்க முடியவில்லையாம். வெங்கடம்மா சோறு போடுவதுதான் காரணமாம். அதை நிறுத்த வேண்டுமாம். போர்டிலும் அதையேதான் எழுதி வைத்திருக்கிறார்களாம். வீட்டு நாய்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "நீவே தானே கொட்டித்து?" என்று என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். நான்தான் கொடுத்தேன். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நேராக விமலா வீட்டுக்குப் போனேன். "ஏன் விமலா இப்படி எழுதின?"

அவள் தடுமாறவே இல்லை. "அக்கா, இங்க பாதி வீட்ல நாய் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி எழுதியிருந்தா, வெளியூர்க்காரங்க வந்து நமக்கு ரூல்ஸ் போடறாங்கன்னு சொல்லியிருப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

நாய் தள்ளியது உடம்பில் பட்டது, ஆறிவிடும். இவள் செய்தது ஆறவே இல்லை. வெளியூர்க்காரி என்று இந்த ஊர்க் கன்னடர் ஒருவர்கூட என்னைச் சொன்னதில்லை. அந்தச் சொல்லை முதலில் தமிழில்தான் கேட்டேன்.

சங்கிலி இல்லாமல் புரூனோ இன்றும் ஓடுகிறது. வெங்கடம்மா எனக்கு முகம் கொடுப்பதில்லை. இவர் வீட்டு வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி எட்டு அடி போகிறார், எட்டு அடி திரும்புகிறார். கால் மறுபடியும் இழுக்க ஆரம்பித்திருக்கிறது.

போன ஞாயிறு சர்ச் முடிந்து விமலா எங்கள் கேட்டருகே வந்தாள். கையில் கேக் டப்பா. "அக்கா, கோவமா? பேச மாட்டீங்களா?" என்றாள். வராந்தாவில் இவர் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டத் தமிழில் எவ்வளவோ சொல் இருந்தது. திட்டினால் அவள் மறுபடியும் தங்கையாகிவிடுவாள் என்று தோன்றியது. கேட்டைத் திறக்காமல், முகவரி விசாரிக்க வந்தவரிடம் பேசும் மரியாதையோடு கன்னடத்தில் கேட்டேன்.

"ஹேளி, ஏனு பேக்கித்து?"

சொல்லுங்கள், என்ன வேண்டியிருந்தது?