பொங்கல் மலரில் வராத கடைசிப் பத்தி

எங்கள் தமிழ்ச் சங்கம் வருடா வருடம் ஒரு பொங்கல் மலர் போடும். முக்கால்வாசி விளம்பரம். வீடு விற்பவர், பல் டாக்டர், வரிக் கணக்குப் பார்ப்பவர், திரும்பவும் வீடு விற்பவர். நடுநடுவே பிள்ளைகள் வரைந்த மாடு. அப்படிப்பட்ட மலரில் ஒரு கட்டுரைக்காக நான் இப்படிக் கொதித்தேன் என்பதற்கு வெட்கப்பட வேண்டும். வெட்கம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வருகிறது.

கட்டுரை என் மகளுடையது. எட்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்தாள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது பக்கத்து நாடான ஸ்வீடனின் பத்திரிகைகள் என்ன எழுதின என்பது தலைப்பு. அதையே தமிழில் எழுதி மலருக்குக் கொடுக்கிறேன் என்றாள். நான் டைப் செய்து தருகிறேன் என்றதற்கு, "நோ" என்றாள். எங்கே ஒற்று வரும், எது பெரிய ற என்று என்னைத் துளைத்தெடுத்து, தானே அடித்து முடித்தாள். அவள் பிறந்ததிலிருந்து தமிழில் தானாக எழுதிய முதல் விஷயம் அது. இதுவும் சொதப்பினால் இனி எழுத மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். நார்வே, எங்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம் என்று ஒதுங்கி நின்ற நாடு. அதற்குள் படை புகுந்தது. ஸ்வீடனும் ஒதுங்கி நின்ற நாடு. அடுத்தது நாமோ என்று அதற்குப் பயம். நிறையப் பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. சில பத்திரிகைகள் நார்வே சிறைகளில் நடந்த சித்திரவதையை எழுதின. அவற்றைப் பறிமுதல் செய்தது ஜெர்மனி இல்லை, ஸ்வீடன் அரசாங்கமே. பெரியவனுக்குக் கோபம் வந்துவிடக் கூடாதாம்.

கடைசிப் பத்தியில் அவள் எழுதியிருந்தது இது: "பக்கத்து வீட்டில் ஒருவரை அடிக்கும் சத்தம் கேட்கிறது. நான் என் டைரியில், இன்று பக்கத்து வீட்டில் விருந்தாளிகள் என்று எழுதினால் நான் நியூட்ரல் இல்லை. நான் பயந்தவள். பயப்படுவது தப்பு இல்லை. ஆனால் அதற்கு நியூட்ரல் என்று பேர் வைப்பது தப்பு."

அவள் வயதில் எனக்கு இப்படி எழுத வராது. இப்போதும் வராது.

மலரின் ஆசிரியர் எங்கள் தெருக்காரர், ஃபிரிஸ்கோ என்கிற இந்த ஊரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. பக்கத்து ஊரான பிளானோவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த ஆபீஸ். ஒரே காரில்தான் போவோம். என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது அந்த வாரம் முழுக்கச் சாம்பார் கொண்டு வந்து கொடுத்த மனிதர். அதுதான் பிரச்சினையே. வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

ஆபீஸுக்கு டோல்வேயில் போகும்போது ஆரம்பித்தார். "சார், பாப்பா கட்டுரை சூப்பர். லாஸ்ட் பாரா மட்டும் எடுத்துடலாமா?"

"ஏன்?"

"இப்ப நியூஸ்ல ஓடற வாரைத்தான் சொல்றானு யாராவது நெனச்சுப்பாங்க."

"எந்த வார்?"

"எதுவா இருந்தா என்ன சார். மலரை வெப்சைட்ல போடறோம். பாதிப் பேர் விசால இருக்கான். நீங்களே கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றீங்க. எதுக்கு வம்பு?"

"ஸ்வீடன்காரன் வந்து உங்க மேல கேஸ் போடப் போறானா?"

"அப்படி இல்ல சார். சிறை, சித்திரவதைனு... நல்ல நாளும் அதுவுமா."

"அப்ப அதையும் எடுத்துட்டீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எடுக்கல. கஷ்டங்கள்னு மாத்தியிருக்கேன்."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த நான், இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

வீட்டில் சொன்னால் என் மனைவி, "விடுங்க, அவர் சொல்றதும் சரிதானே" என்றாள். இந்த ஊரில் யார் சொல்வதும் சரிதான். அதனால்தான் எதுவும் உருப்படுவதில்லை.

மகளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "வெயிட், அங்கிள் அந்த நியூஸ்பேப்பர்ஸ் மாதிரியே பண்றாரா? அவருக்கு அது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"தட்ஸ் கிரேஸி, அப்பா."

அவளே அவருக்குப் போன் போட்டாள். "அங்கிள், ஃபுல்லா போடுங்க. இல்லாட்டி போடவே வேண்டாம்."

"ஒரே ஒரு பாராதானே கண்ணா."

"அந்த ஒரு பாராதான் அங்கிள் என்னோடது. மத்ததெல்லாம் லைப்ரரி புக்ல இருக்கு."

மலர் வந்தது. அவள் கட்டுரை வர வேண்டிய பக்கத்தில் ஏர் ஃப்ரையரில் மெதுவடை செய்வது எப்படி என்று போட்டிருந்தார்கள். இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் அவரே வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். போகிற நேரத்தில் மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணா, அந்தக் கட்டுரை ஒரு காப்பி குடேன். வீட்டுல வெச்சு ஆன்ட்டிக்கும் படிச்சுக் காட்டறேன். அந்த லாஸ்ட் பாரா இருக்கே, அதை என்னால மறக்கவே முடியல."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பிடித்திருக்கிறதாம். மறக்க முடியவில்லையாம். வீட்டுக்குள் வைத்துப் படிப்பாராம்.

அவள் மாடிக்குப் போய்த் தாளைக் கொண்டு வந்து நீட்டினாள். "இங்கயே படிங்க அங்கிள். லவுடா."

"இப்பவா?"

"ம்."

சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைப் போட்டார். பிறகு எழுந்துபோய், அவர் வந்தபோது சரியாகச் சாத்தாமல் விட்ட வாசல் கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தார்.

"குளுருது சார்" என்றார் என்னைப் பார்க்காமல்.

படிக்க ஆரம்பித்தார். நன்றாகவே படித்தார். சிறை என்ற இடத்தில் சிறை என்றே படித்தார். கடைசிப் பத்திக்கு வந்தபோது நான் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன். ஜனவரிக் காற்று உள்ளே வந்தது. எதிர் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

அவர் குரல் தானாக இறங்கியது.

"அங்கிள், கேக்கல" என்றாள் மகள்.