சாய்த்துப் பிடிக்க இன்னொரு ஆள்

மனைவி மெல்பர்னுக்குப் போய் அது ஐந்தாவது மாதம். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனாள். பிறகு பயணத்தைத் தள்ளிப்போட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோராவது மாடி வீட்டில் நான் மட்டும். வார நாள்கள் ஷா ஆலம் தொழிற்சாலையிலும் ரோட்டு நெரிசலிலும் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகராது.

அன்று மதியம் பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்தேன். ஒருவன் சாப்பிட்ட பாத்திரங்களால் அது நிரம்ப ஒரு வாரம் ஆகும். சோப்பு மாத்திரை டப்பாவில் ஒன்றுகூட இல்லை. அதை வாங்கி வைப்பது எப்போதும் அவள்தான். யோசிக்காமல், சிங்க் ஓரத்தில் இருந்த திரவ சோப்பை ஊற்றி ஓடவிட்டேன்.

இருபது நிமிடத்தில் கதவின் கீழிருந்து நுரை வழிந்தது. துண்டைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் பீப் பீப் என்று கத்தி நின்றது. அதன் முன்பலகையில் ஏதோ ஒரு எண் மின்னியது. பம்ப் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்த பிறகுதான் ஓய்ந்தது.

கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் அங்குள்ள சென்சார் மெஷினைப் பூட்டிவிடுமாம். தண்ணீர் வெளியேறினால்தான் மறுபடி ஓடும்.

மனைவிக்கு போன் செய்தேன். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"மெஷின்ல சென்சார் எரர்னு காட்டுது."

"ஒரு தட்டு, ஒரு கப்பு. கையில கழுவிடுங்களேன். இருங்க, பிள்ள அழுவுது, அப்புறம் கூப்பிடறேன்."

திரவ சோப்பு ஊற்றியதை நான் சொல்லவில்லை. அவள் சொன்னதும் சரிதான். கையில் கழுவினால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்த மெஷின் ஓடும் ஒன்றரை மணி நேரம், அடுப்படியில் யாரோ வேலையாக இருப்பதுபோல் இருக்கும். நான் ஹாலில் பேப்பர் படிப்பேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

வீடியோ ஒன்றில் வழி இருந்தது. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மெஷினை வெளியே இழுத்து, முன்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பாத்திரங்களை எடுத்துவிட்டு இழுத்தேன். வந்தது. சாய்க்கப் பார்த்தபோது மொத்த எடையும் நெஞ்சில் ஏறியது. கால்மேல் விழுந்தால் தூக்க ஆளில்லை என்று நினைத்ததும் விட்டுவிட்டேன். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் வடியும் தண்ணீருக்கு அடியில் தட்டு வைக்கும் வேலை அது.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கிள்ளானில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டால், அவன் மச்சினன் வீட்டு விருந்தில் இருந்தான். ஆபீஸ் ஆட்களை ஞாயிற்றுக்கிழமை இதற்காகக் கூப்பிட முடியுமா? நூற்றுக்கணக்கான எண்களில், 'கொஞ்சம் வந்து பிடி' என்று சொல்லக்கூடிய எண் ஒன்றும் தென்படவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். அங்கே இருப்பவர் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்பவர். என் வயதுதான் இருக்கும். நான்கு வருடமாக லிஃப்டில் தலையசைத்ததோடு சரி. கதவைப் பாதி திறந்து பார்த்தார்.

"அண்ணே, ஒரு சின்ன ஹெல்ப். மெஷினைச் சாய்க்கணும், தனியா முடியல."

"வாஷிங் மெஷினா?"

"இல்லண்ணே, பாத்திரம் கழுவறது."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மெதுவா லா, வயசு ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சு," என்றபடி மேல்விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். நுரையும் தண்ணீருமாக நான் வைத்த தட்டு நிரம்பியது. இரண்டு முறை கொட்டினேன். நிமிர்த்தி சுவிட்சைப் போட்டோம். எண் மறைந்திருந்தது.

அவர் சிங்க்கில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தார். "வீட்ல எத்தன பேரு?"

"இப்போதைக்கு நான் மட்டும்தான்."

தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். "அசர் தொழுகைக்கு நேரமாச்சு, இன்னொரு நாளு குடிக்கலாம்," என்று போய்விட்டார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே மிச்சமிருந்த நுரை போக மெஷினை இரண்டு முறை வெறுமனே ஓடவிட்டேன். மெஷின் சரியாகிவிட்டது என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன். ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவர் கதவு வரை போனேன். உள்ளே அவர் போனில் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. முடிக்கட்டும் என்று நின்றேன். பேச்சு முடியவில்லை. கிண்ணம் கையைச் சுட்டது. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் குழம்பு எனக்குச் செவ்வாய்க்கிழமை வரை வந்தது.